பால்வாடிப் பாவு

கோலமாவால் போட்ட வரிக்குதிரைக் கோடுகளின் மேல் மூன்றாவது காரும் ஏறிப் போனது.

முதல் கார் இரண்டு கோடுகளைத் தின்றது. இரண்டாவது, மிச்சத்தில் பாதியை டயரில் ஒட்டிக்கொண்டு போனது. மூன்றாவது கார்க்காரர் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர். கண்ணாடியை இறக்கி, "கோலம் சூப்பரா இருக்கும்மா. கலியாணசுந்தரம் பட்டு மாளிகை இப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அழித்தார்.

தயாவதி மாவுக் கையோடு நடுத்தெருவில் நின்றாள். அவளுக்குப் பின்னால், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பதின்மூன்று பிள்ளைகள். வரிசைக்கு முன்னால் நின்ற கீர்த்தியின் கையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய அட்டை. நெசவாளி முருகேசனின் மகள். நாலே கால் வயது.

"செவப்பு காட்னேன் டீச்சர். அந்த மாமா டாட்டா காட்டிட்டுப் போறாரு."

"செவப்புன்னா நிக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல கண்ணு."

"அவரு பால்வாடிக்கு வரலையா?"

தயாவதிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த மாதத்துப் பாடம் 'நமது சமுதாயம்'. சாலை எல்லோருக்கும் சொந்தம், சிவப்பு விளக்கைக் கண்டால் வண்டி நிற்கும், மக்கள் பிரதிநிதி நம் குறையைக் கேட்பார் என்று பாடப் படங்கள் சொல்லின. அவற்றை வரைந்தவர் நடுப்பாவடித் தெருவுக்கு ஒரு நடை வந்திருக்கலாம்.

காஞ்சிபுரத்தில் மெயின் ரோட்டுப் பாலத்தைப் பிரித்துப் போட்டதிலிருந்து அந்தத் தெருவுக்குச் சனி பிடித்தது. ஆறு நிமிஷம் மிச்சம் என்று செல்போன் வரைபடம் சென்னைக் கார்களை அங்கே திருப்பிவிட்டது. போதாக்குறைக்குக் கலியாணசுந்தரம் தன் கடைக்கு அம்புக்குறி போட்ட பலகையைத் தெரு முனையில் நட்டு வைத்தார். போன மாதம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி கீர்த்தியின் முழங்கையை உரசிப் போனது. அன்றோடு தாய்மார்கள் சிலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இருபத்திரண்டு பதின்மூன்றானது. பத்துக்குக் கீழே போனால் மையத்தை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்த ரோட்டைத் தாண்டி எந்தத் தாய் நாலு வயசுப் பிள்ளையை அனுப்புவாள்? ஆக, வண்டி நின்றால் பால்வாடி உண்டு. நிற்காவிட்டால் இல்லை.

"கோலம் போட்டு வண்டிய நிறுத்தப் பாக்கறியே டீச்சரு. மாமியாரு காலடியில போட்ட கோலமே நிக்காது," என்றாள் பூவம்மாள். மையத்தின் சமையல் உதவியாளர். ஐம்பத்தெட்டு வயது, அதே தெருக்காரி.

"சரி. மனு குடுப்போம். அடுத்த பாடம் அதுதான்."

பதின்மூன்று பிள்ளைகளும் நீலச் சாயத்தில் கையை முக்கி ஒரு சார்ட்டில் அழுத்தினார்கள். அதன் கீழே தயாவதி 'வேகத்தடை வேண்டும்' என்று எழுதினாள். ஊர்வலமாகப் போய்க் கவுன்சிலர் மாணிக்கவேலிடம் கொடுத்தார்கள்.

மாணிக்கவேல் தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். மனுவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஓவியம் அருமை!" என்றார். ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். குனிந்து, நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"வேகத்தடைன்னா சும்மாவாம்மா? தீர்மானம் இருக்குது, எஸ்டிமேட் இருக்குது. அடுத்த கூட்டத்துல பேசிடறேன்."

"அடுத்த கூட்டம் என்னிக்கி?" என்று கேட்டது கீர்த்தி.

"கொழந்த ரொம்ப சூட்டிகை!" என்று கன்னத்தைக் கிள்ளினாரே ஒழிய, தேதியைச் சொல்லவில்லை.

மறுநாள் தெரு முனையில் பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருந்தது. 'மழலைகளின் மனம் கவர்ந்த மாணிக்கவேல் அவர்களுக்கு நன்றி! நன்றி!' நடுவில் அவர், சுற்றிலும் நீலக் கையோடு பதின்மூன்று மழலைகள். எதற்கு நன்றி என்று மட்டும் போடவில்லை. அது திருப்பத்தைச் சரியாக மறைத்து நின்றது. அதுவரை வருகிற கார் கண்ணுக்காவது தெரிந்தது. இப்போது அதுவும் போயிற்று. அன்றைக்கு வந்த பிள்ளைகள் பதினொன்று.

தயாவதி போக்குவரத்து விளக்குப் படத்தைச் சுவரில் மாட்டினாள். மாட்டும்போது ஆணியைக் கொஞ்சம் கோபமாகவே அடித்தாள்.

"ரோட்டுல வண்டி எதப் பாத்தா நிக்கும்?"

பதினொரு குரலும் ஒன்றாகச் சொல்லின. "பாவு!"

அவள் சிரித்துவிட்டாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் போக்குவரத்து விளக்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பாவைத் தெருவில் பார்த்திருக்கிறார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகளை அறுபதடிக்குத் தெருவில் விரித்து, குச்சி கொடுத்து இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து நீவுவார்கள். அந்த நேரத்தில் தெரு பாவுக்குச் சொந்தம். புது மாப்பிள்ளையானாலும் இறங்கி, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். பாவு கிடக்கும் தெருவில் வண்டியை விட்டால் தெருவே திரண்டு வந்து நிற்கும்.

"பாவு போட்டா நிப்பாங்க டீச்சர்," என்று கீர்த்தி மறுபடி சொன்னது, மந்தமான மாணவிக்குச் சொல்வது போல.

தயாவதி சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

"பாவுன்னா பட்டு டீச்சரு," என்று இழுத்தாள் பூவம்மாள். "நீதான் பட்டு தொடமாட்டியே."

உண்மைதான். தயாவதி கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவள். ஆயிரக்கணக்கில் புழுவைக் கொன்று எடுக்கும் நூல் வாசற்படி ஏறக்கூடாது என்பது பிறந்த வீட்டிலும் சட்டம், புகுந்த வீட்டிலும் சட்டம். தாலி கட்டிக்கொண்டதே பருத்திப் புடவையில்தான். பகல் சாப்பாட்டுக்கு முட்டை வேகும்போது அவள் வாசலில் போய் நின்றுகொள்வாள். ஏழு வருஷமாகப் பட்டுத் தெருவில் வேலை பார்த்தும், ஒரு இழையை விரலால் தொட்டுப் பார்த்ததில்லை.

"பட்டு எதுக்கு? நூல்னா நூல்தானே? தூரத்துலேந்து பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

பூவம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அதுவும் சரிதான்," என்று பருப்பைக் கிண்டப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பூக்கடைச் சந்தில் பன்னிரண்டு சிவப்பு நூல்கண்டு வாங்கினாள். மறுநாள் பிள்ளைகள் ரயில் விளையாட்டாக முன்னும் பின்னும் ஓடி நூலைச் சுற்றினார்கள். தெருவின் நடுவில் அறுபதடிக்கு ஒரு பாவு படுத்தது. தொய்வு இருந்தது, முடிச்சு இருந்தது, ஓரிடத்தில் யாருடைய ரிப்பனோ சிக்கியிருந்தது.

"இது நம்ம ரகசியம். என்ன நூலுன்னு யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது," என்றாள் பிள்ளைகளிடம். குடிமைப் பாடத்தில் ரகசியத்துக்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். மனசு உறுத்தியது. அதே நேரம் வெள்ளைக் கார் ஒன்று ஃப்ளெக்ஸைத் தாண்டித் திரும்பியது. உறுத்தலை ஒத்திவைத்தாள்.

கார் பாவுக்கு முன்னால் வந்து ஹார்ன் அடித்தது. தறியை விட்டு எழுந்து முருகேசன் வெளியே வந்தான். பாவைப் பார்த்தான். குனிந்து மறுபடியும் பார்த்தான். 

முருகேசன் நிமிர்ந்து காரைப் பார்த்துக் கத்தினான். "யோவ்! பாவு கெடக்குது, கண்ணு தெரியல? அட்ச்சிக்கினே இருக்கிற ஹாரன! ரிவர்ஸ் எடுப்பா!"

நாலு வீட்டிலிருந்து நாலு நெசவாளிகள் வந்து நின்றார்கள். கார் தெரு முழுதும் பின்னாலேயே போயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். தயாவதிக்கு அழுகையே வந்துவிட்டது. பரம்பரை நெசவாளியே நம்பிவிட்டானே!

சாயங்காலம் பூவம்மாள் நூலைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டாள். "கஞ்சி காட்டாத பாவு பாவே இல்ல. நான் எடுத்தும்போயி தோச்சிக் கொண்டாறேன்."

மறுநாள் வந்த பாவு ஆளே மாறியிருந்தது. தொய்வில்லை, முடிச்சில்லை. தடித்து, பளபளவென்று நெளிந்தது.

"அடேயப்பா! கஞ்சிக்கு இவ்ளோ சக்தியா அக்கா? என்ன கஞ்சி?"

"பச்சரிசிக் கஞ்சி," என்றாள் பூவம்மாள், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அதிலிருந்து தினமும் தயாவதியே மடியில் வைத்துப் பிரித்து, தன் கையாலேயே இழுத்துக் கட்டினாள். வாரம் முடிவதற்குள் பிள்ளைகள் பத்தொன்பது ஆனார்கள். தட்டாமாலை சுற்றத் தெருவே இடம் கொடுத்தது. சாலை எல்லோருக்கும் சொந்தம் என்ற பாடத்தை இப்போது அவள் நெஞ்சு நிமிர்த்தி நடத்தினாள்.

ஆனால் பாவு என்றால் ஒரு காலைப்பொழுது கிடக்கும். நாள் கணக்கில் கிடக்குமா? பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்து கேட்டே விட்டாள். "யாரு பாவுமா இது? எட்டு நாளா கெடக்குது?"

தயாவதி வாயைத் திறப்பதற்குள் பூவம்மாள் முந்திக்கொண்டாள். "வேண்டுதல் பாவு. அம்மனுக்கு. நாப்பத்தெட்டு நாளு தெருவுல விரிக்கணும்னு உத்தரவு."

வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். தயாவதி பதறினாள். "என்னக்கா இது! ஒரு பொய்யச் சமாளிக்க இன்னொரு பொய்யா?"

"நீ சொன்னியா? நான்தான சொன்னேன்? நீ வாயத் தொறக்காம இரு. உன் வெரதத்துக்கு ஒண்ணும் ஆவாது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் குச்சிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வந்தன. அதற்கடுத்த நாள் கற்பூரம். வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினார்கள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோக்காரர்கள் முதல் டிரிப்புக்கு முன்னால் தெரு முனையில் நிறுத்திக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் தினமும் சுண்டல் சாப்பிட்டுச் சாப்பிட்டு, மதியச் சோற்றைத் தொடவில்லை. கார்தான் ஒன்றுகூட வரவில்லை.

கலியாணசுந்தரத்தின் கடையும் காலை வேளைகளில் காற்றாடியது. அவர் கவுன்சிலரிடம் போனார். கவுன்சிலர் பாவை அப்புறப்படுத்த வந்தார். வந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனையும் ஓட்டு! நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டார்.

"வர்ற வெள்ளிக்கிழம இந்தப் பாவ நானே என் கையால எடுத்துத் தறியில ஏத்தறேன்! அம்மனுக்கு வார்டு சார்பா புடவ. ஜரிகைச் செலவு நம்ம முதலாளியோடது."

"நாப்பத்தெட்டு நாளு ஆவலியே சார்?" என்றான் முருகேசன்.

"இருவது நாளும் நாப்பத்தெட்டு நாளும் அம்மனுக்கு ஒண்ணுதாம்பா." பிறகு கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "பாவ எடுத்துட்டா ரோடு ஃப்ரீ."

தயாவதிக்கு அந்தக் கண்ணடிப்புத் தெரிந்தது. தறியில் ஏற்றினால் முதல் இழையிலேயே நூலின் வண்டவாளம் தெரிந்துவிடும். அம்மன் பேரில் மோசடி என்று வேலை போகும். ஏற்றாமல் வெறுமனே எடுத்தாலும் சனிக்கிழமை கார் வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எப்படிப் பார்த்தாலும் பால்வாடி போயிற்று.

"பேசாம இரு டீச்சரு. ஒண்ணும் ஆவாது," என்றாள் பூவம்மாள். அவள் முகத்தில் கவலையே இல்லாதது தயாவதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பத்தொம்போது பசங்களுக்கு உண்மை பேசணும்னு சொல்லிக்குடுத்துட்டு நான் பேசாம இருக்கணுமா? போறதுதான் போவுது, சொல்லிட்டே போவட்டும்."

வெள்ளிக்கிழமை காலை பந்தல், மைக், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். மாணிக்கவேல் தோளில் பட்டு அங்கவஸ்திரம். அவர் பாவுக்குக் கை நீட்டியபோது, தயாவதி மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.  

"இது வேண்டுதல் பாவு இல்ல. பட்டும் இல்ல. பூக்கடைச் சந்துல நான் வாங்கின பன்னெண்டு நூல்கண்டு. உங்கள ஏமாத்தினது தப்பு. தண்டனை எதுவானாலும் குடுங்க, வாங்கிக்கறேன்."

பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தயாவதி நிறுத்தவில்லை.

"ஆனா நாங்க மொதல்ல ஒழுங்காத்தான் கேட்டோம். கோடு போட்டோம், ஏறிப் போனாங்க. மனு குடுத்தோம், போட்டோ எடுத்துக்கினீங்க. சட்டத்துக்கு நிக்காத வண்டி ஒரு நூலுக்கு நின்னுச்சு! இத எடுத்துட்டு நாளைக்கு இந்தத் தெருவுல கார விட்டீங்கன்னா, இதே எடத்துல நான் படுத்துக்குவேன். என்னத் தாண்டிப் போகட்டும் பாக்கலாம்!"

மைக்கில் யார் பேசி முடித்தாலும் கைதட்ட வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்திருந்ததால், பத்தொன்பது பிள்ளைகளும் தட்டினார்கள்.  நெசவாளிகள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முருகேசன் தன் கால் கட்டை விரலைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

கலியாணசுந்தரத்துக்கு முகமெல்லாம் பல். "நெனச்சேன்! போலிப் பாவு! எழுதிக்கோங்க சார், காஞ்சிபுரத்துலயே போலி! முப்பது வருஷமா பட்டு யாவாரம் பண்றேன், இப்ப எல்லாருக்கும் முன்னால நிரூபிக்கறேன்."

பாவிலிருந்து நாலு இழையைப் பிய்த்தார். கற்பூரத் தட்டின் நெருப்பில் பற்றவைத்தார். "சாதா நூல்னா காகிதம் மாதிரி வாசன வரும். பட்டுன்னா முடி கருகற நாத்தம் வரும். இப்பப் பாருங்க..."

முடி கருகிய நாற்றம் பந்தல் முழுக்கப் பரவியது.

கலியாணசுந்தரம் மூக்கைச் சுருக்கினார். சாம்பலை விரலில் தேய்த்தார். கருப்பாகப் பொடிந்தது. பாவின் மறு கோடிக்கு ஓடிப்போய் இன்னும் நாலு இழையைப் பிய்த்துக் கொளுத்தினார். மறுபடியும் அதே நாற்றம்.

"என்ன சார்?" என்றார் நிருபர்.

"பட்டு..." என்றார் கலியாணசுந்தரம். "அசல் பட்டு. என் கடையிலயே இந்தத் தரத்துல..." என்று ஆரம்பித்தவர், நிருபர் எழுதுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

 பிறகு எங்கிருந்தோ ஒரு குலவை கிளம்பியது. "நூலு பட்டாயிடுச்சுடி! அம்மா! தாயே!" ஜனம் பாவைச் சுற்றி விழுந்து கும்பிட்டது. ஒருத்திக்குச் சாமியே வந்துவிட்டது.

மாணிக்கவேல் நீட்டிய கையை நெருப்பில் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். அரசியல்வாதிக்குக் காற்று திரும்பும் திசை தெரியாதா? மைக்கை வாங்கினார்.

"இந்தப் பாவுல கை வெக்க நான் யாரு? இது இங்கயேதான் இருக்கும்! காலையிலேந்து சாயங்காலம் பசங்க வீட்டுக்குப் போறவரைக்கும் இந்தத் தெருவுல இனிமே ஒரு கார் நுழையக்கூடாது! இன்னிக்கே தடுப்புக் கம்பி நடச் சொல்றேன், வேகத்தடையும் போடச் சொல்றேன்! எழுதிக்கோங்க நிருபர் சார்!"

நிருபர் எழுதிக்கொண்டார். கம்பிக்கு ஆள் அனுப்பக் கவுன்சிலர் அங்கேயே போனை எடுத்தார். மழலைகளின் மனம் கவர்ந்தவரின் ஃப்ளெக்ஸைப் பிரித்துப் பந்தலுக்குப் படுதாவாகக் கட்டச் சொன்னதும் அவரேதான்.

வேலை போகவில்லை. பால்வாடி போகவில்லை. தயாவதிக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அதிசயத்தில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை. கூட்டத்துக்கு நடுவில், பாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இழைகளை உள்ளங்கையில் ஏந்தி, "நான் வாங்கினது நூலு. பில்லு கூட இருக்குது," என்று தனக்குத் தானே முனகினாள்.

கீர்த்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்துச் சொன்னது:

"உங்க நூலு எங்க வீட்டுல துணி காயற கொடியா கெடக்குது டீச்சர், இது எங்க அத்தை கல்யாணப் புடவைக்கு வெச்சிருந்த பட்டுப் பாவு, நீங்க பட்டு தொடமாட்டீங்கன்னுதான் தெருவுல யாருமே உங்ககிட்ட சொல்லல."